பதனிக்கு ஒரு கோடு, நல்லெண்ணெய்க்கு ஒரு கோடு: ரிஃப்ராக்டோமீட்டர் எதை அளக்கிறது?

திசையன்விளைப் பக்கம் விடிலி (பதனி காய்ச்சுகிற ஓலைக் குடிசை) போட்டுக் கருப்பட்டி காய்ச்சுகிற குடும்பத்துத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "அண்ணாச்சி, பதனியில் இனிப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, 0 முதல் 32 பிரிக்ஸ் (நூற்றுக்கு இத்தனை சர்க்கரை என்கிற அளவு) வரை காட்டும் கை ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கினேன். விடியற்காலையில் 13 காட்டுகிற பதனி, அதையே மூடி வைத்து மத்தியானம் பார்த்தால் 12 காட்டுகிறது. பக்கத்து வீட்டுச் செக்குக்காரர் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பார்த்தார். உள்ளே முழுக்க வெள்ளையாக இருந்தது, கோட்டையே காணோம். கருவி கெட்டுப்போச்சா? இது உண்மையில் எதை அளக்கிறது?"

கருவி கெடவில்லை தம்பி. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அதற்குச் சர்க்கரையும் தெரியாது, எண்ணெயும் தெரியாது. ஒரு கண்ணாடிப் பட்டகத்துக்குள் வெளிச்சம் எந்தக் கோணத்தோடு நின்று நிழல் தொடங்குகிறது என்பது ஒன்றைத்தான் அது காட்டும். அந்தக் கோணத்திலிருந்து திரவத்தின் ஒளிவிலகல் எண் கிடைக்கிறது. அந்த எண்ணிலிருந்து 'சர்க்கரை இவ்வளவு' என்று சொல்வது நாம் சேர்த்துக்கொள்கிற அர்த்தம். எந்த இடத்தில் அளவு முடிந்து அர்த்தம் தொடங்குகிறது என்பது பிடிபட்டுவிட்டால், உங்கள் இரண்டு சந்தேகங்களும் தீர்ந்துவிடும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். தண்ணீருக்குள் அதன் வேகம் ஏறத்தாழ 2.25 லட்சம் கிலோமீட்டராகக் குறைகிறது. நல்லெண்ணெயில் 2.05 லட்சத்தை ஒட்டி வரும். வெற்றிடத்து வேகத்தைத் திரவத்து வேகத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் ஒளிவிலகல் எண். தண்ணீருக்கு அது 1.333. வேகம் மாறுவதால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாய்வாக நுழையும் கதிர் மடங்குகிறது. தாமிரபரணியில் தண்ணீர் தெளிந்து ஓடும்போது குறுக்குத்துறைப் படியில் நின்று குனிந்து பாருங்கள். மூன்றடி ஆழம்தான் என்று நினைத்துக் காலை வைத்தால் நான்கடி இருக்கும். நான்கை 1.333-ஆல் வகுத்தால் மூன்று. ஆற்றுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் ஆழம் தெரியாமல் இறங்கிவிடுவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

அடுத்தது நம்மூர்க் கிணறு. கிணற்றில் முங்கிக் குளித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். தண்ணீருக்கடியில் மல்லாந்து கண்ணைத் திறந்து பார்த்தால், தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள் வானம், கிணற்றின் விளிம்பு, எட்டிப் பார்க்கிற முகங்கள் எல்லாம் நெருக்கியடித்துத் தெரியும். வட்டத்துக்கு வெளியே வானம் கிடையாது. அங்கே தண்ணீரின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகி, பாசி பிடித்த கிணற்றுச் சுவரையே திருப்பிக் காட்டும். செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 48.6 பாகையில் அந்த வட்டம் முடிகிறது. பாடப்புத்தகத்தில் மாறுநிலைக் கோணம் என்று படித்தது இதைத்தான். அதைத் தாண்டினால் முழு அக எதிரொளிப்பு. இந்தக் கோணம் இரண்டு பொருள்களின் ஒளிவிலகல் எண்களை மட்டும் பொறுத்தது. தண்ணீருக்குப் பதில் கண்ணாடி, காற்றுக்குப் பதில் பதனி என்று வைத்துக்கொண்டால் அந்த வட்டத்தின் விளிம்பு வேறு கோணத்துக்கு நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பதற்கான கருவிதான் உங்கள் கையில் இருப்பது.

அதன் சாய்ந்த முகத்தில் இருப்பது ஒளிவிலகல் எண் கூடிய கண்ணாடிப் பட்டகம். அதன்மேல் இரண்டு சொட்டுப் பதனி விட்டு மூடியைச் சாத்துகிறீர்கள். வெளிச்சம் மூடி வழியாக வந்து, பதனியைக் கடந்து, எல்லாக் கோணங்களிலும் பட்டகத்துக்குள் நுழையப் பார்க்கிறது. பதனிக்கும் கண்ணாடிக்கும் நடுவே பரப்பை உரசிக்கொண்டு வருகிற கதிர்தான் கடைசிக் கதிர். அது கண்ணாடிக்குள் மாறுநிலைக் கோணத்தில் மடங்கிப் போகும். அதற்கு அப்பால் எந்தக் கதிரும் போக வழியில்லை. அதனால் கண்வைத்துப் பார்க்கும்போது கீழே வெள்ளை, மேலே நீலம், நடுவே ஒரு கோடு. பட்டகத்தின் எண் 1.74 என்று வைத்துக் கணக்குப் போட்டால், தண்ணீருக்குக் கோடு 50.0 பாகையில் விழும். 15 பிரிக்ஸ் பதனியின் எண் 1.3557, அதற்கு 51.2 பாகை. 1.4655 எண்ணுள்ள நல்லெண்ணெய்க்கு 57.4 பாகை.

செக்குக்காரருக்கான பதில் இந்த மூன்று எண்களுக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் கருவியின் அளவுகோல் 0 முதல் 32 பிரிக்ஸ் வரை, அதாவது ஏறத்தாழ 1.333 முதல் 1.385 வரைதான். நல்லெண்ணெயின் கோடு அந்தச் சட்டத்துக்கு மேலே எங்கேயோ போய்விட்டது. சட்டத்துக்குள் மிஞ்சியது வெளிச்சம் மட்டும், அதனால் முழு வெள்ளை. ஒரு சொட்டும் விடாமல் மூடிப் பாருங்கள், முழு நீலம் தெரியும். காற்றின் கோடு சட்டத்துக்குக் கீழே கிடக்கிறது, அவ்வளவுதான். எண்ணெய்க்கு, தேன் பார்க்க விற்கிறார்களே 58 முதல் 90 பிரிக்ஸ் வரை காட்டுகிற கருவி, அது வேண்டும். அதில் நம்மூர் வெக்கையில் நல்லெண்ணெய் 70-ஐத் தாண்டியும், தேங்காய் எண்ணெய் 64 பக்கத்திலும் கோடு போடும். எண்ணெயில் சர்க்கரை 70 சதம் என்று அதற்கு அர்த்தமில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரைக் கரைசலுக்காகக் கீறிய அளவுகோலை எண்ணெய் கடன் வாங்கியிருக்கிறது.

பிரிக்ஸ் என்பதே அப்படி வந்த அளவுதான். ஜெர்மானியர் அடால்ஃப் பிரிக்ஸின் பெயர் அது. 100 கிராம் கரைசலில் எத்தனை கிராம் சர்க்கரை என்பது பிரிக்ஸ். 20 டிகிரி செல்சியஸில் சுத்தமான சர்க்கரைக் கரைசலின் எண் 10 சதத்துக்கு 1.3478, 20 சதத்துக்கு 1.3639, 50 சதத்துக்கு 1.4200. இந்த அட்டவணையைத்தான் உங்கள் கருவியின் கண்ணாடியில் கோடுகளாகக் கீறியிருக்கிறார்கள். பதனி சுத்தமான சர்க்கரைத் தண்ணீராக இருக்கும் வரைக்கும், 20 டிகிரியில் இருக்கும் வரைக்கும் அந்தக் கோடு உண்மையைச் சொல்லும். திசையன்விளையில் பங்குனி, சித்திரையில் 20 டிகிரிக்கு எங்கே போவது?

உங்கள் முதல் சந்தேகத்துக்கான பதில் இந்தச் சூட்டில்தான் கிடக்கிறது. திரவம் சூடாகும்போது விரிகிறது. அதே இடத்தில் மூலக்கூறுகள் குறைகின்றன, ஒளிக்குத் தடை குறைகிறது, எண் இறங்குகிறது. தண்ணீரின் எண் 20 டிகிரியில் 1.3330, 30 டிகிரியில் 1.3319. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் பதனி இருக்கிற பக்கத்தில் ஒரு பிரிக்ஸ் என்பதே எண்ணில் 0.0015 தான். ஆகவே சூட்டுத் திருத்தம் 25 டிகிரிக்குச் சுமார் 0.4 பிரிக்ஸ், 30-க்கு 0.8, 35-க்கு 1.2 என்று ஏறிக்கொண்டே போகிறது. கருவி காட்டியதோடு இதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். விடியற்காலை 26 டிகிரிக்கும் மத்தியானம் 36 டிகிரிக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு பிரிக்ஸ் காணாமல் போகும். உங்கள் 13 பன்னிரண்டான கதை பெரும்பாலும் இதுவே.

கருவியின் பெட்டியில் ஏ.டி.சி. என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தானாகவே சூட்டைத் திருத்திக்கொள்ளும் என்று அதற்கு அர்த்தம். உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை சூட்டுக்கு வளைந்து, அளவுகோலையோ வில்லையையோ கொஞ்சம் நகர்த்திக் கொடுக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெரும்பாலும் 10 முதல் 30 டிகிரி வரைக்கும்தான் அது பொறுப்பு. ஓலைக் கூரையடியில் அடுப்பு எரிகிற விடிலிக்குள் மத்தியானம் 30 டிகிரி என்பது கனவு. தவிர, பட்டை திருத்துவது சர்க்கரைத் தண்ணீருக்கான அளவில்தான். எண்ணெய் சூட்டுக்கு மூன்று மடங்குக்கும் மேல் இறங்கும், அதற்கு இந்தத் திருத்தம் போதாது.

ஏ.டி.சி. இல்லாத கருவி என்றால் கவலைப்படாதீர்கள், ஒரு சுலபமான வழி இருக்கிறது. பேட்டரிக் கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி, பதனிக் குடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கருவியும் அங்கேயே அரை மணி நேரம் நிழலில் கிடக்கட்டும். பதனி பார்ப்பதற்குச் சற்று முன்னால் அந்தத் தண்ணீரை விட்டு, திருகாணியைத் திருப்பிக் கோட்டைச் சரியாக 0-வில் நிறுத்துங்கள். துடைத்துவிட்டு உடனே பதனி விடுங்கள். பதனி கனத்த கரைசல் இல்லை என்பதால் சூட்டுக்குத் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறதோ அதே அளவுக்குத்தான் ஏறத்தாழ அதுவும் இறங்கும். இரண்டும் சேர்ந்து இறங்கும்போது நடுவே உள்ள இடைவெளி மாறாது. காலை, மத்தியானம் எப்போது பார்த்தாலும் வித்தியாசம் ஒரு பிரிக்ஸில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். போர்த் தண்ணீரை வைத்து 0 பார்க்காதீர்கள். கடற்கரைப் பக்கத்து உப்புத் தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருந்தாலே கால் பிரிக்ஸ் தள்ளிவிடும். சொட்டு விட்டதும் அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மெல்லிய சொட்டு உடனே பட்டகத்தின் சூட்டுக்கு வந்துவிடும். குடத்தின் சூட்டைவிடப் பட்டகத்தின் சூடுதான் முக்கியம். ரொம்ப நேரமும் விடக் கூடாது, தண்ணீர் ஆவியாகி அளவு ஏறிவிடும்.

இனி 'சுத்தமான சர்க்கரைத் தண்ணீர்' என்ற நிபந்தனைக்கு வருவோம். பதனி புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோம். சுண்ணாம்பு வெறும் தண்ணீரில் கொஞ்சம்தான் கரையும், சர்க்கரைக் கரைசலில் கூடுதலாகக் கரையும். கரைந்த எதுவும் எண்ணை ஏற்றும். ஆக, சுண்ணாம்பு கூடிய கலயத்துப் பதனி, இருக்கிற சர்க்கரையைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். தெளியவிட்டு மேலே இருப்பதை எடுத்துப் பாருங்கள். மிதக்கிற தூள் எண்ணை மாற்றாவிட்டாலும் கோட்டை மங்கலாக்கும்.

சுண்ணாம்பு குறைந்து பதனி புளித்துவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. சர்க்கரை ஆல்கஹாலாக மாறுகிறது. ஆல்கஹாலுக்கும் தண்ணீரைவிட எண் அதிகம், 1.361. சர்க்கரை துளிகூட இல்லாமல், எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஆல்கஹால் மட்டும் கலந்த தண்ணீர் உங்கள் கருவியில் நாலரை பிரிக்ஸ் காட்டும். அதனால் புளித்த பதனியில் சர்க்கரை போனதை இந்தக் கருவி முழுசாகச் சொல்லாது. 13 என்பது மத்தியானத்துக்குள் 12 ஆனதில் வெயிலுக்கு எவ்வளவு பங்கு, புளிப்புக்கு எவ்வளவு பங்கு என்று தெரிய வேண்டுமானால், மேலே சொன்ன டிஸ்டில்டு வாட்டர் முறையில் ஒரு நாள் செய்து பாருங்கள். 0-வைச் சரிசெய்த பிறகும் இறங்கியிருந்தால் அது புளிப்பு. நாக்கும் மூக்கும் அதை முன்னாலேயே சொல்லியிருக்கும் என்பது வேறு விஷயம்.

காய்ச்சுகிற பாகை இதில் அளக்க முயல வேண்டாம். பட்டகத்தை ஒட்டியிருக்கும் பசை கொதிசூட்டில் விட்டுப்போகும். சிரட்டையில் ஊற்றுகிற பதத்துக்குத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்கிற உங்கள் அம்மாவின் கை போதும்.

இப்போது ஆய்வுக்கூடத்துப் பெரிய கருவி. 1869-இல் ஜெர்மனியின் ஜெனா நகரில் எர்ன்ஸ்ட் அபே முதல் ரிஃப்ராக்டோமீட்டரை அமைத்தார். நுண்ணோக்கி வில்லைகளுக்கான கண்ணாடிகளையும் திரவங்களையும் சோதிக்க அவருக்கு அது தேவைப்பட்டது. மாறுநிலைக் கோணத்தை வைத்து எண்ணை அளக்கலாம் என்பதை இங்கிலாந்தின் வில்லியம் வொல்லாஸ்டன் 1802-லேயே காட்டியிருந்தார். அபே அதை ஒரு சொட்டுத் திரவமும் ஒரு நிமிட நேரமும் போதும் என்கிற அளவுக்குக் கொண்டுவந்தார். அந்த அமைப்பு இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. கீல் வைத்த இரண்டு பட்டகங்கள், ஒன்றின் முகம் சொரசொரப்பு, மற்றதன் முகம் பளபளப்பு. நடுவே மெல்லிய படலமாகத் திரவம். சொரசொரப்பான முகம் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் பரப்பை உரசுகிற கதிரும் நிச்சயம் கிடைத்துவிடுகிறது. தொலைநோக்கியில் பார்த்தபடி குமிழைத் திருப்பி, இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் கோட்டைக் குறுக்குக் கம்பிகள் வெட்டுகிற புள்ளியில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அளவுகோலில் எண் நேரடியாகவே இருக்கும், 1.3 முதல் 1.7 வரை. நான்காம் தசமத்தில் இரண்டு முன்பின்னாகப் படிக்கலாம்.

அதில் என் மனதுக்கு நெருக்கமான பகுதி நிறத்தைத் திருத்துகிற பட்டகங்கள். ஒளிவிலகல் எண் நிறத்துக்கு நிறம் மாறும். தண்ணீருக்கே சிவப்பில் 1.3311, மஞ்சளில் 1.3330, நீலத்தில் 1.3371. எனவே சாதாரண விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் கோடு இருக்க வேண்டிய இடத்தில் வானவில் மாதிரி ஒரு பட்டைதான் தெரியும். எதைக் கோடு என்று எடுப்பது? எதிரெதிராகச் சுழலும் இரண்டு அமிச்சிப் பட்டகங்களை அபே கருவிக்குள் வைத்தார். சோடியம் மஞ்சள் ஒளியை மட்டும் திருப்பாமல் நேரே விட்டு, மற்ற நிறங்களை மட்டும் திருப்புகிற பட்டகங்கள் அவை. அவற்றைச் சுழற்றச் சுழற்ற வானவில் சுருங்கி ஒரு கணத்தில் கறுப்பு-வெள்ளைக் கோடாகிவிடும். ஆகவே ஜன்னல் வெளிச்சத்தில் அளந்தாலும் கிடைப்பது சோடியத்தின் 589 நானோமீட்டர் ஒளிக்கான எண். முப்பது வருடம் கல்லூரி ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். அந்த நிறங்கள் கூடி ஒரே கோடாகும் நேரத்தில் "சார்!" என்று கூவாத பிள்ளை குறைவு.

கரும்பாகு மாதிரி வெளிச்சமே ஊடுருவாத திரவத்தையும் அபே கருவியில் அளக்கலாம். வெளிச்சத்தைத் திரவத்தின் வழியாக அனுப்பாமல் அளக்கும் பட்டகத்தின் வழியாகவே அனுப்பி, திரும்பி வருவதைப் பார்க்க வேண்டும். மாறுநிலைக் கோணத்தைத் தாண்டியது முழுக்கத் திரும்பும், அதற்குள் இருப்பது பெரும்பாலும் திரவத்துக்குள் போய்விடும். கோடு அதே இடத்தில்தான் விழும். இன்றைய டிஜிட்டல் கருவிகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் நடக்கின்றன. எல்.இ.டி. விளக்கு ஒன்று, வரிசையாக ஒளியுணர் புள்ளிகள் பதித்த சில்லு ஒன்று. கோடு எந்தப் புள்ளியில் விழுந்தது என்று சில்லு சொல்லும். கண் பார்வையின் பிழை அதில் இல்லை.

சூட்டைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கல்லூரிக்கு வருமுன் ஒரு எண்ணெய் வியாபார நிறுவனத்தின் சோதனை அறையில் இரண்டு வருடம் இருந்தேன். நல்லெண்ணெய்க்கு 40 டிகிரியில் 1.4646 முதல் 1.4665 வரை இருக்க வேண்டும் என்பது விதி. அபே கருவியின் பட்டகங்களைச் சுற்றி 40 டிகிரித் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு சித்திரை மாதம் கரண்ட் போய், தண்ணீர் ஓட்டும் மோட்டார் நின்றுவிட்டது. அறை வெப்பம் 34. மேலதிகாரி அவசரப்படுத்தினார், நானும் அளந்தேன். கழுகுமலைப் பக்கத்திலிருந்து வந்த செக்குக்காரர் ஒருவரின் எண்ணெய் 1.4678 காட்டியது. வரம்புக்கு மேலே, கலப்படம் என்று டின்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் ஒன்றும் பேசாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எண்ணெயின் எண் டிகிரிக்கு 0.00037 அளவுக்கு இறங்கும். ஆறு டிகிரிக்கு 0.0022. கழித்தால் 1.4656, வரம்பின் நட்டநடு. சுத்தமான எண்ணெய். மறுநாள் போய் எழுதிக்கொடுத்தேன், மோட்டார் ஓடும்போது அதே மாதிரியைத் திரும்ப அளந்தும் காட்டினேன். ஒருவழியாக ஒத்துக்கொண்டு அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. அன்றிலிருந்து எண்ணுக்குப் பக்கத்தில் சூடு எழுதாத எந்தக் குறிப்பிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

நெய், எண்ணெய்க்காரர்கள் பி.ஆர். என்று ஒரு அளவு சொல்வார்கள். பால் கொழுப்புக்காகவே செய்த ப்யூட்டிரோ ரிஃப்ராக்டோமீட்டரின் அளவுகோல் அது, கொள்கை அதே மாறுநிலைக் கோணம். 40 டிகிரியில் தேங்காய் எண்ணெய் 34 முதல் 35.5, கடலை எண்ணெய் 54 முதல் 57.1, நல்லெண்ணெய் 58 முதல் 61. தேங்காய் எண்ணெய் மட்டும் ஏன் இவ்வளவு கீழே? அதன் கொழுப்பு அமிலங்கள் சின்னச் சங்கிலிகள், பெரும்பாலும் நிறைவுற்றவை, அதாவது இரட்டைப் பிணைப்பு இல்லாதவை. சங்கிலி நீளமாக ஆக, இரட்டைப் பிணைப்புகள் கூடக் கூட எண் ஏறும். அதனால் தேங்காய் எண்ணெயில் வேறு சமையல் எண்ணெய் கலந்தால் பி.ஆர். சட்டென்று காட்டிக்கொடுக்கும். நல்லெண்ணெய்க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சூரியகாந்தி எண்ணெய், பருத்திக்கொட்டை எண்ணெய் இரண்டின் அளவுகளும் அதே பக்கத்தில்தான் வருகின்றன. குறைந்த எண் உள்ள பாமாயிலையும் கூடிய எண் உள்ள ஒன்றையும் பக்குவமாகக் கலந்தால் நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். எண் வரம்புக்கு வெளியே இருந்தால், சூடு சரியாக இருக்கும் பட்சத்தில், எண்ணெயில் ஏதோ கோளாறு என்று துணிந்து சொல்லலாம். வரம்புக்குள் இருந்தால் 'கோளாறு தெரியவில்லை' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

கல்லூரியில் படித்தவர்களுக்கு வேறு வழிகளும் நினைவிருக்கும். நகரும் நுண்ணோக்கியில் பீக்கரின் அடிப்புள்ளியை வெறுமனே ஒரு முறை, திரவத்தின் வழியாக ஒரு முறை, பிறகு மேலே தூவிய பொடியை ஒரு முறை என்று மூன்று தடவை குவித்து, உண்மை ஆழத்தைத் தோற்ற ஆழத்தால் வகுக்கும் முறை, குறுக்குத்துறைப் படிக்கட்டின் கணக்கேதான். எளிது, ஆனால் குவிப்பதில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் இரண்டாம் தசமமே ஆடிவிடும். நியூட்டன் வளையங்களில் வில்லைக்கும் தட்டுக்கும் நடுவே திரவத்தை விட்டால் வளையங்கள் சுருங்கும். காற்றில் 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையம் தண்ணீரில் 3.46 ஆகும். விட்டங்களின் இருமடிகளை வகுத்தால் எண்.

இவற்றில் என் மதிப்பு முழுக்க உள்ளீடற்ற முப்பட்டகத்துக்குத்தான். கண்ணாடித் தகடுகளை ஒட்டிச் செய்த 60 பாகைப் பட்டகத்துக்குள் திரவத்தை ஊற்றி, நிறமாலைமானியின் மேடையில் வைத்து, சோடியம் விளக்கின் பிம்பத்தைப் பின்தொடர வேண்டும். மேடையைத் திருப்பத் திருப்பப் பிம்பம் ஒரு பக்கமாக நகர்ந்து, ஓரிடத்தில் நின்று, வந்த வழியே திரும்பும். அந்தத் திரும்புகிற இடம்தான் சிறுமத் திசைமாற்றம். தண்ணீருக்கு அது 23.6 பாகை, தேங்காய் எண்ணெய்க்கு 33-ஐ ஒட்டி. பட்டகக் கோணத்தோடு அதைக் கூட்டிப் பாதியாக்கி சைன் எடுத்து, பட்டகக் கோணத்தின் பாதிக்கான சைனால் வகுக்க வேண்டும். பாதி 30 பாகை, அதன் சைன் அரை என்பதால் கணக்கு மனதுக்குள்ளேயே முடியும். ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) வரை கோணம் படித்தால் எண்ணில் பிழை 0.0002 தான். விலையுயர்ந்த அபே கருவியின் துல்லியம் சாதாரணக் கல்லூரி மேடையில் கிடைக்கிறது. அங்கே கோணத்தை நம் கண்ணாலேயே அளக்கிறோம், யாரோ கீறிய அட்டவணையை நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஒரு டம்ளர் திரவமும் அரை மணி நேரப் பொறுமையும் வேண்டும், விடிலிக்குள் சரிப்பட்டு வராது.

கருவியே இல்லாமல் எண்ணைக் கண்ணால் பார்க்க ஆசையா? போரோசிலிகேட் கண்ணாடிக் குச்சி ஒன்று, எண் சுமார் 1.473. தண்ணீரில் அது பளிச்சென்று தெரியும். தேங்காய் எண்ணெயில் மங்கும். நல்லெண்ணெயில் முங்கிய பகுதி கிட்டத்தட்ட மறைந்தே போகும். இரண்டு எண்களும் நெருங்கிவிட்டால் ஒளி மடங்கவும் காரணமில்லை, திரும்பவும் காரணமில்லை, கண்ணுக்குக் குச்சி இல்லாமல் ஆகிவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

சரி, செக்குக்காரருக்கு என்ன சொல்வது? 58 முதல் 90 வரை காட்டும் கருவி வாங்கிக்கொள்ளட்டும். கூடவே, தன் கண் முன்னால் சுத்தமான எள்ளை ஆட்டி எடுத்த எண்ணெயில் ஒரு சின்ன பாட்டில் நிரப்பி, மூடி, இருட்டில் எடுத்து வைக்கட்டும். சந்தேகமான எண்ணெய் வந்தால், அதே இடத்தில், அதே ஐந்து நிமிடத்துக்குள், முதலில் தன் பாட்டிலையும் அடுத்து வந்ததையும் பார்க்கட்டும். இரண்டு சொட்டும் ஒரே சூட்டில் இருப்பதால் அட்டவணையும் திருத்தமும் தேவைப்படாது, கோடு தள்ளி விழுகிறதா என்பது மட்டும் கேள்வி. ஒவ்வொரு எண்ணெய்க்கும் பிறகு பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு மெதுவாகத் துடைக்கட்டும், இல்லையென்றால் முந்தைய எண்ணெயின் படலம் அடுத்ததோடு சேர்ந்துகொள்ளும். கோடு தள்ளி விழவில்லை, ஆனாலும் மனசு கேட்கவில்லை என்றால், பாளையங்கோட்டையில் அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது. மற்ற எண்ணெய்களின் கலப்படத்தை ஒளிவிலகல் எண்ணால் மட்டும் முடிவுசெய்ய முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும், வேதிச் சோதனைகளையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.